சுடுகிற கேம் பிள்ளையைக் கெடுக்குமா? தடை, தணிக்கை, வயதுக் குறியீடு: ஓர் எளிய விளக்கம்

தருமபுரியில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஆனி மாதத்தில் ஒரு மதியம், பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்குப் பதினாலு வயதிருக்கும். போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணா, இந்தச் சுடற கேமை எடுத்துடுங்க. கவர்மெண்டே தடை பண்ண கேமாம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆடறான். எழுநூறு ரூபா வேற போச்சு. நேத்து ஸ்கூல்ல ஒரு பையனை அடிச்சுட்டான். ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கை நீளுதுன்னு டீச்சர் சொல்றாங்க."

பையன் ஒன்றும் பேசவில்லை. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

இதே பேச்சை வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது கேட்கிறேன். டீக்கடையில் கேட்கிறேன், கல்யாண வீட்டில் கேட்கிறேன். பேசுகிற எல்லாருக்கும் பிள்ளைகள்மேல் உண்மையான அக்கறை இருக்கிறது. ஆனால் நான்கு வேறு வேறு விஷயங்கள் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதே அதில் குழம்பிப் போகிறது. அதைப் பிரித்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. போனைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் படித்தாலும் புரிய வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன்.

ஒரே மூச்சில் நான்கு புகார்

அந்த அம்மா சொன்னதையே எடுத்துக்கொள்வோம். அதில் அரசுத் தடை ஒன்று, தூக்கம் கெடுவது ஒன்று, பணம் போவது ஒன்று, அடிதடி ஒன்று.

முதலில் தடை. பப்ஜி மொபைலை மத்திய அரசு 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்தது. அன்று அந்த ஒரு கேம் மட்டும் தடையாகவில்லை, மொத்தம் 118 செயலிகள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவைக் காட்டித் தடுத்தார்கள். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பயனாளர்களின் தகவல்கள் வெளிநாட்டுக்குப் போவது ஆகியவைதான் சொல்லப்பட்ட காரணங்கள். சீன எல்லையில் மோதல் நடந்த வருடம் அது. கேமில் துப்பாக்கி இருக்கிறது, ரத்தம் வருகிறது என்பது அந்தத் தடைக்குக் காரணமே இல்லை. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போனதும் இதே வழியில்தான். "ரத்தம் காட்டியதால் அரசு தடை செய்துவிட்டது" என்று ஊரெல்லாம் பேசுகிறோமே, அது நடக்கவில்லை. வன்முறையையும் நடத்தையையும் காட்டித் தடை போட்டது உள்ளூர் அளவில்தான். 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் போலீஸ் தடை உத்தரவு போட்டு, மீறி ஆடிய இளைஞர்களைக் கைதுகூடச் செய்தார்கள்.

அடுத்தது பணம். தமிழ்நாட்டில் "ஆன்லைன் விளையாட்டுத் தடைச் சட்டம்" என்று நாம் கேள்விப்படுவது சூதாட்டத்தைப் பற்றியது. பணம் வைத்து ரம்மி ஆடிக் கடனாளியான குடும்பங்களின் கதை அது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டமும் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளைத்தான் தடுக்கிறது. சுடுகிற கேமில் போகிற எழுநூறு ரூபாய் பெரும்பாலும் பொம்மைக்குச் சட்டை, துப்பாக்கிக்கு நிறம் வாங்கப் போவது. வீட்டுக்கு அதுவும் நஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் சூதாட்டம் வேறு, இது வேறு.

மூன்றாவது தூக்கம். உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் 'கேமிங் கோளாறு' என்று ஒன்றைச் சேர்த்தது. 2022 முதல் அந்தப் பட்டியல் நடப்பில் இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்த முடியாமல் போவது, சாப்பாடு படிப்பு எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது ஆகியவை பொதுவாக ஒரு வருடமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். கேமில் ரத்தம் இருக்கிறதா என்பது இந்தக் கணக்கில் வராது. மிட்டாய் உடைக்கிற கேமுக்கும் ஒருவர் அடிமையாகலாம்.

சரி, இதுவரை வந்ததை ஒருமுறை சேர்த்துப் பார்த்துக்கொள்வோம். நம் நாட்டில் நடந்த பெரிய தடைகள் தகவல் பாதுகாப்புக்காகவும் சூதாட்டத்துக்காகவும் வந்தவை. தூக்கம் கெடுவது தனி விஷயம். மிச்சம் இருப்பது நான்காவது: திரையில் சுடுகிற பிள்ளை நிஜத்தில் கையை ஓங்குமா? கட்டுரையின் மீதியில் இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

படுகளத்தில் நாம் பார்க்காத ரத்தமா?

நம் பக்கத்தில் தருமராஜா கோயில் பாரதம் நடக்காத வட்டாரம் உண்டா? பதினெட்டு நாள் பாரதம். பகலில் கதை, ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம். களிமண்ணால் செய்த துரியோதனன் மைதானம் நீளத்துக்குப் படுத்திருப்பார். பீமன் வேடம் கட்டியவர் கதாயுதத்தோடு அவர்மேல் ஏறி ஓடி, தொடையில் ஓங்கி அடிப்பார். உள்ளே புதைத்து வைத்த சிவப்பு நீர் பீறிட்டுக்கொண்டு வரும். அதைத் தொட்டு பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். அப்பா தோளில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்தபோது எனக்கு ஐந்து வயது. கொஞ்சம் பயம், கொஞ்சம் பரவசம், அப்புறம் பொரி உருண்டை. அதைப் பார்த்த தலைமுறையில் யாரும் தொடை உடைக்கப் போகவில்லை.

வன்முறையைக் கதையாகப் பார்ப்பது மனிதருக்குப் புதிதில்லை என்பதற்கு இதைச் சொன்னேன். ஆனால் இதை வைத்தே "கேமும் அப்படித்தான், விடுங்கள்" என்று முடித்துவிடக் கூடாது. எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. கூத்தில் நான் பார்த்தேன், கேமில் பையன் செய்கிறான். குறி வைப்பதும் பொத்தானை அழுத்துவதும் அவன்தான். சுட்டால் பாயிண்ட் வருகிறது. பரிசு கொடுத்துக் கொடுத்துப் பழக்கினால் எதுவும் பழக்கமாகும் என்பது மாடு பழக்குகிறவருக்கே தெரியும். கூத்து வருடத்துக்கு ஒரு நாள், கேம் தினம் மூன்று மணி நேரம். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அதனால்தான் உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்தார்கள்.

இந்தப் பயம் எப்போது ஆரம்பித்தது?

1976-இல், அமெரிக்காவில். எக்ஸிடி என்ற நிறுவனம் 'டெத் ரேஸ்' என்று காசு போட்டு ஆடும் ஒரு கேம் விட்டது. கறுப்பு வெள்ளைத் திரை. குச்சிக் கை குச்சிக் காலோடு ஓடும் உருவங்கள்மேல் காரை ஏற்ற வேண்டும். ஏற்றினால் ஒரு அலறல், அந்த இடத்தில் ஒரு கல்லறைச் சிலுவை. "அவை மனிதர்கள் இல்லை, குட்டிப் பூதங்கள்" என்றது நிறுவனம். நாடே கொதித்தது. இன்று அந்தப் படத்தைப் பார்த்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் கிறுக்கியது போலத்தான் இருக்கும்.

பெரிய திருப்பம் 1993. 'மார்ட்டல் காம்பேட்' என்ற சண்டை கேமில் தோற்றவனின் முதுகெலும்பைத் தலையோடு உருவி எடுக்கலாம். வீட்டு டிவியில் ஆட வந்தபோது நின்டெண்டோ என்ற கேம் நிறுவனம் ரத்தத்தை எடுத்துவிட்டு அதைச் சாம்பல் நிற வியர்வையாக மாற்றியது. போட்டி நிறுவனமான சேகாவின் கேம் பெட்டியில் ஒரு ரகசிய வரிசையில் பொத்தான்களை அழுத்தினால் ரத்தம் வரும். எது அதிகம் விற்றது? ரத்தம் வந்ததுதான். அந்த டிசம்பரில் அமெரிக்க செனட்டில் ஜோசப் லீபர்மேன், ஹெர்ப் கோல் என்ற இரண்டு உறுப்பினர்கள் விசாரணை நடத்தினார்கள். அரசு சட்டம் போட்டுவிடும் என்று பயந்த கேம் நிறுவனங்கள் 1994-இல் தாங்களே ஈஎஸ்ஆர்பி என்ற அமைப்பை உருவாக்கி, ஒவ்வொரு கேமுக்கும் இந்த வயதுக்கு மேல் என்று குறியீடு கொடுக்க ஆரம்பித்தன.

அதற்குப் பிறகு 1999 ஏப்ரல் 20. கொலம்பைன் என்ற பள்ளியில் இரண்டு மாணவர்கள் 13 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இருவரும் 'டூம்' என்ற சுடும் கேமை ஆடியவர்கள். அன்றிலிருந்து எங்கே துப்பாக்கிச் சூடு நடந்தாலும் முதல் கேள்வி, "என்ன கேம் ஆடினான்?" 2007-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டபோதும் கொன்றவன் யார் என்று சரியாகத் தெரிவதற்குள்ளேயே டிவியில் கேமைக் குற்றம் சொல்லிவிட்டார்கள். பிறகு வந்த விசாரணைக் குழு அறிக்கை, அவனுடைய நீண்ட கால மனநலப் பிரச்சினையையும் அதைக் கவனிக்கத் தவறியதையும்தான் விரிவாகப் பேசியது. வன்முறை கேம்களில் மூழ்கியவன் என்று அது அவனைக் காட்டவில்லை.

மிளகாயும் காய்ச்சலும்

இந்த விவாதத்தில் மிக அதிகமாகக் குழப்புகிற சொல்லுக்கு வருவோம். 'ஆக்ரோஷம்' என்றால் எரிச்சல், கத்தல், தள்ளிவிடுதல், மனதுக்குள் பொருமுதல். 'வன்முறை' என்றால் இன்னொரு உடம்புக்குக் கடும் காயம் ஏற்படும்படி தாக்குவது. முதலாவது எல்லா வீட்டிலும் தினம் நடப்பது. இரண்டாவதற்குப் போலீஸ் வரும்.

"கேம் ஆடினால் ஆக்ரோஷம் கூடுகிறது" என்று ஓர் ஆய்வு சொல்லும். செய்தியில் அது "கேம் ஆடினால் வன்முறை" என்று மாறிவிடும். நம் டீக்கடைக்கு வரும்போது "கேம் ஆடினால் கொலைகாரன்" ஆகிவிடும்.

ஆய்வகத்தில் ஆக்ரோஷத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? கல்லூரிப் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் சுடும் கேம் ஆட விடுவார்கள். பிறகு, பக்கத்து அறையில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒருவருக்கு எவ்வளவு சத்தமாக ஒலி கேட்க வைக்கலாம் என்று தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இன்னொரு முறையில், காரம் பிடிக்காத ஒருவருக்கு எவ்வளவு மிளகாய் சாஸ் ஊற்றிக் கொடுக்கலாம் என்பார்கள். கூடுதல் சத்தம், கூடுதல் காரம் என்றால் கூடுதல் ஆக்ரோஷம்.

பச்சை மிளகாயைக் கடித்துவிட்டால் நெற்றி வியர்க்கும், காது சூடாகும். அந்த நேரம் தொட்டுப் பார்க்கிறவர் காய்ச்சல் என்று நினைக்கலாம். பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். விறுவிறுப்பான எந்த ஆட்டமும் இப்படி ஒரு சூட்டைக் கிளப்பும். கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று சண்டை வருவதும் அந்தச் சூட்டில்தான். கேமுக்குப் பிறகு பிள்ளை வெடுக்கென்று பேசுகிறானா? அது உண்மையாகவே இருக்கலாம், நானும் என் வீட்டில் பார்த்திருக்கிறேன். அந்தச் சூடு நாள்பட நின்று குணமாக மாறுகிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

மாம்பழம் வந்தால் கிணறு வற்றுமா?

இன்னும் இரண்டு சொல் தெரிந்துகொண்டால் போதும். 'தொடர்பு' என்றால் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வருவது. 'காரணம்' என்றால் ஒன்று இன்னொன்றை உண்டாக்குவது.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கம் மாம்பழ வண்டிகள் சாலையை அடைக்கிற மாதங்களில் கிணறுகள் வற்றிக் கிடக்கும். ஒவ்வொரு வருடமும் இரண்டும் சேர்ந்தே வரும். அதனால் மாம்பழம் கிணற்றை வற்ற வைக்கிறது என்று யாராவது சொல்வோமா? வெயில்தான் இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது. கேமும் அப்படித்தான். பன்னிரண்டு வயதிலிருந்து இருபது வயது வரை உள்ள ஆண் பிள்ளைகள்தான் சுடும் கேமை அதிகம் ஆடுகிறார்கள். அடிதடியில் அதிகம் இறங்குவதும் அதே வயது ஆண் பிள்ளைகள்தான். வீட்டில் அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்றால் பிள்ளை போனுக்குள் ஒளிந்துகொள்வதும் உண்டு, வெளியே கையை ஓங்குவதும் உண்டு. வெயிலைப் பார்க்காமல் மாம்பழத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிப்போகும்.

அப்படியென்றால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃப்ளோரைடு தண்ணீர் நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பாறையிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து வருகிறது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பல் எனாமல் உருவாகும் சிறுவயதில் அந்தத் தண்ணீரை வருடக்கணக்கில் குடித்த பிள்ளைக்குப் பல்லில் காவிக்கறை விழும். தேய்த்தால் போகாது. அளவு கூடக் கூடக் கறை கூடும், இன்னும் அதிகமாகி நாள் பட்டால் எலும்பையே பிடிக்கும். எந்தப் பொருள், எந்த இடத்தில், எந்த வயதில், எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். தண்ணீரை மாற்றினால் அடுத்துப் பிறக்கிற பிள்ளைகளின் பல் வெள்ளையாக முளைக்கும். அதனால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. காரணம் என்றால் இப்படி இருக்க வேண்டும்: அளவு கூடினால் கேடு கூட வேண்டும், எடுத்துவிட்டால் குறைய வேண்டும், நடுவில் நடப்பது என்ன என்று காட்ட வேண்டும்.

அந்தப் பையன் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அம்மா பக்கத்துக் கடைக்குத் தண்ணி பாட்டில் வாங்கப் போன நேரத்தில் கேட்டேன், "எதுக்கு தம்பி அடிச்சே?" கையை எடுத்தான். முன்பல் நான்கிலும் பழுப்புக் கறை. "காவிப் பல்லுன்னு கூப்பிட்டான்ணா. ஒரு வருஷமாவே கூப்பிடறான்" என்றான்.

இப்போது கேமை அதே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். அளவு கூடினால் கேடு கூடுகிறதா? 1990-களின் நடுவிலிருந்து கேம்கள் பெருகி, ரத்தம் நிஜம் போலவே ஆனது. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் இளைஞர்களின் வன்குற்றம் பெருமளவு குறைந்தது. ஜப்பானும் தென்கொரியாவும் கேமில் ஊறிய நாடுகள். துப்பாக்கிச் சாவு அங்கே மிகவும் குறைவு. பள்ளியில் சுட்டவர்கள் 41 பேரை அமெரிக்க ரகசியச் சேவைத் துறையும் கல்வித் துறையும் ஆராய்ந்தபோது, வன்முறை கேம்களில் ஆர்வம் காட்டியவர்கள் 12 சதவீதம்தான். வன்முறைப் புத்தகங்களில் ஆர்வம் காட்டியவர்கள் அதைவிட அதிகம், 24 சதவீதம். 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனின் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் ஆடும் கேமின் வன்முறை அளவை அந்தக் கேமுக்குக் கொடுத்திருந்த வயதுக் குறியீட்டை வைத்துக் கணித்தார்கள். பிள்ளையின் நடத்தையைப் பெற்றோரிடம் கேட்டார்கள். இரண்டுக்கும் இடையில் தொடர்பு தெரியவில்லை.

எல்லா ஆய்வாளர்களும் ஒரே பேச்சாக இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கிரெய்க் ஆண்டர்சன் என்ற உளவியலாளர் பாதிப்பு உண்டு என்று பல ஆண்டுகளாக வாதிடுகிறார். கிறிஸ்டோபர் ஃபெர்குசன் அந்த ஆய்வுகளின் அளவு முறையே தப்பு என்கிறார். அமெரிக்க உளவியல் சங்கம் 2020 மார்ச்சில் ஒரு தீர்மானத்தில் தன் நிலையைத் தெளிவாக்கியது. கத்துவது, தள்ளுவது போன்ற ஆக்ரோஷத்துக்கும் வன்முறை கேமுக்கும் சிறிய தொடர்பு ஒன்று தெரிகிறது. ஆனால் கொடும் வன்முறைக்குக் கேம்தான் காரணம் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. கேமைக் கைகாட்டிவிட்டால் மற்றக் காரணங்களிலிருந்து கவனம் சிதறும் என்றும் அது எச்சரித்தது.

ஆக, பிள்ளை கொஞ்ச நேரம் எரிந்து விழலாம். கேம் ஆடியதால் கொலைகாரன் ஆவான் என்பதற்கு ஃப்ளோரைடுக்குக் கிடைத்த மாதிரியான சாட்சியம் கிடையாது.

தணிக்கை என்றால் தடை மட்டுமில்லை

'தணிக்கை' என்றால் ஒரு படைப்பில் எதை, யாருக்கு, எப்படிக் காட்டலாம் என்று வெளியிலிருந்து கட்டுப்படுத்துவது. முழுத் தடை அதில் ஒரு வகை. வெட்டுவது, நிறம் மாற்றுவது, வயது குறிப்பது எல்லாம் அதன் மற்ற வகைகள். ஒவ்வொரு நாடும் தன் பயத்துக்குத் தகுந்தபடி செய்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1997-இல் 'கார்மகெடான்' என்று, நடந்து போகிறவர்களைக் காரால் மோதும் கேம் வந்தது. பிரிட்டனின் தணிக்கை வாரியம் சான்று கொடுக்க மறுத்தது. நிறுவனம் மனிதர்களைப் பச்சை ரத்தம் கொண்ட நடைப்பிணங்களாக மாற்றி வெளியிட்டது. மோதுவது அதே மோதல்தான். ஜெர்மனியில் அந்த இடத்தில் ரோபோக்கள். 'ஹாஃப் லைஃப்' கேமிலும் ஜெர்மன் பதிப்பில் ராணுவ வீரர்களுக்குப் பதில் ரோபோக்கள்தான், சுட்டால் எண்ணெய் வழியும். ஜெர்மனியின் இன்னொரு பயம் இதைவிட ஆழமானது. நாஜிச் சின்னங்களைக் காட்டுவது அங்கே குற்றம். சினிமாவுக்குக் கலை என்ற விலக்கு இருந்தது, கேமுக்கு நடைமுறையில் கிடைக்கவில்லை. 2018 ஆகஸ்டில்தான் ஒவ்வொரு கேமாகப் பார்த்து விலக்குக் கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். அதுவரை நாஜிகளை எதிர்த்துச் சண்டை போடும் கேமிலும் அந்தச் சின்னம் இருக்கக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் 2013 வரை கேமுக்கு 18 வயது என்ற பிரிவே கிடையாது. 15 வயதுக்காரருக்கு ஒவ்வாதது என்றால் நாற்பது வயதுக்காரருக்கும் கிடைக்காது. குறியீட்டில் ஒரு படி விட்டுப்போனால் அந்த இடத்தைத் தடை பிடித்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

சீனாவில் 2019-இல் பப்ஜி மொபைலை எடுத்துவிட்டு வேறு பெயரில் ஒரு கேம் விட்டார்கள். அதில் சுடப்பட்டவன் ரத்தம் சிந்த மாட்டான். மண்டியிட்டு, தன் பெட்டியைக் கொடுத்துவிட்டு, கையசைத்து விடைபெற்று மறைந்துவிடுவான். முதன்முதலில் அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சாவு என்பதையே மறைத்துவிட்டால் சுடுவது இன்னும் லேசான காரியமாகத் தோன்றாதா? என் கணிப்பில் ரத்தத்தின் நிறத்தை மாற்றுவதால் பெரியவர்களின் மனம் ஆறுகிறது, அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கு 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் பப்ஜி மொபைல் திரும்பி வந்தபோது ரத்தம் பச்சையானது. 'கொன்றாய்' என்ற சொல் 'முடித்தாய்' என்றானது. "இது நிஜ உலகம் இல்லை" என்று ஆட்டத்துக்கு முன்னால் அறிவிப்பு வந்தது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் போனுக்கு ஓடிபி, நாளுக்கு மூன்று மணி நேரம், செலவுக்கு ஒரு நாளைக்கு 7,000 ரூபாய் வரம்பு என்றார்கள். 2022 ஜூலையில் மறுபடி தடுக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்ப வந்தது. இந்த மாற்றங்களில் என்னைக் கேட்டால் மூன்று மணி நேர வரம்புதான் வீட்டுக்கு உதவுகிறது. பிள்ளை தன் வயதைப் பொய்யாகப் போட்டால் அதுவும் நிற்காது. 7,000 ரூபாய் வரம்பு நம் பக்கத்துக் கூலிக் குடும்பத்துக்கு வரம்பே இல்லை.

அமெரிக்காவில் இது கோர்ட்டுக்குப் போனது. வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிபோர்னியா 2005-இல் சட்டம் போட்டது. 2011 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி அன்டோனின் ஸ்கேலியா, கேமும் புத்தகம் போலப் பேச்சுரிமைக்குள் வரும் என்றார். கிரிம் சகோதரர்களின் குழந்தைக் கதைகளையும் எடுத்துக்காட்டினார். அதில் கெட்ட ராணியைப் பழுக்கக் காய்ச்சிய செருப்பில் சாகும்வரை ஆடவைக்கிறார்கள், சூனியக்காரியை அடுப்பில் தள்ளுகிறார்கள். அவற்றைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுகிறோமே என்பது அவர் வாதம். ஆய்வுகள் காட்டுவது தொடர்பைத்தான், காரணத்தை இல்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. நம் மாம்பழக் கணக்கேதான்.

அந்தச் சின்ன எண் எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டில் சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் உண்டு. கேமுக்கு அப்படி வயது குறித்துச் சான்று கொடுக்கும் அரசு வாரியம் இல்லை. ஆனாலும் ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு கேமின் பெயருக்குக் கீழேயும் 3+, 7+, 12+, 16+, 18+ என்று ஏதோ ஒரு எண் சின்னதாக இருக்கும். கடைக்கு வரும் பெற்றோரில் இதைக் கவனித்ததாகச் சொன்னவர் அநேகமாக யாருமில்லை.

அந்த எண்ணை ஐஏஆர்சி என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் முறைப்படி கொடுக்கிறார்கள். கேம் செய்தவர் ஒரு கேள்வித்தாளை நிரப்புவார். ரத்தம் உண்டா, மனித உருவமா, கெட்ட வார்த்தை உண்டா, முகம் தெரியாதவரோடு பேச முடியுமா, பணம் கட்ட வேண்டுமா என்றெல்லாம் கேட்டிருக்கும். பதிலை வைத்துக் கணினி எண் கொடுக்கும். இந்த 'வயதுக் குறியீடு' ஓர் எச்சரிக்கைப் பலகைதான், பூட்டு இல்லை. ஏழு வயதுப் பிள்ளையின் கையில் இருக்கும் போன் அப்பா பெயரில் இருந்தால் 18+ கேமும் இறங்கும். மிளகாய் உவமைக்கே திரும்பினால், பொட்டலத்தில் காரம் என்று எழுதியிருக்கிறது, பொட்டலத்தைப் பிள்ளைக்குப் பிரித்துக் கொடுப்பது நாம்.

இந்த எண்ணை நான் மதிக்கிறேன். பின்னால் கொலைகாரன் ஆகிவிடுவான் என்ற பயத்தில் இல்லை. ஆறு வயதுக் குழந்தை ராத்திரி பயந்து எழுந்து அழுவதைப் பார்த்த காரணத்தால். தமிழில், கொட்டை எழுத்தில், டவுன்லோட் பொத்தானுக்கு மேலேயே அந்த எண் வர வேண்டும் என்பது என் ஆசை.

பூட்டு போடவும் வழி இருக்கிறது. ப்ளே ஸ்டோரில் மேல் மூலையில் உள்ள படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரன்டல் கன்ட்ரோல்ஸ் என்று போனால் ஒரு நான்கு இலக்கப் பின் கேட்கும். அதைப் பெற்றோர் போட வேண்டும், பிள்ளையின் பிறந்த வருடமாக இருக்கக் கூடாது. அப்புறம் வயதைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு மேற்பட்ட கேம் புதிதாக இறங்காது. நண்பன் அனுப்பும் ஏபிகே ஃபைல் (ப்ளே ஸ்டோர் இல்லாமலே செயலியை போனில் ஏற்றும் ஃபைல்) வழியாக வருவதை இது தடுக்காது, ஏற்கெனவே போனில் இருப்பதையும் இது தொடாது. நேரத்துக்குப் பூட்டு போட ஃபேமிலி லிங்க் என்று தனிச் செயலி இருக்கிறது.

அந்த அம்மாவுக்கு இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். சுவரில் மாட்டியிருந்த பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பல் விஷயத்தைப் பையனே அவரிடம் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பள்ளிக்கு நாளை தானே வருவதாகச் சொன்னார், என்னைப் பார்த்து அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டார்.

கேமை அழிக்கவில்லை. ஒன்பது மணிக்குப் போன் பூட்டிக்கொள்கிற மாதிரி வைத்தோம். பையன் முதல் தடவையாக வாய் திறந்து எதிர்த்தான்: "மேட்ச் நடுவுல இருந்தா?"

"ஒரு மேட்ச் எவ்வளவு நேரம்டா?" என்று அம்மா கேட்டார்.

"அரை மணி வரும்."

"அப்ப எட்டரைக்கு மேல புதுசா ஆரம்பிக்காதே" என்றார். காலண்டர் தாளில் அதையும் எழுதினார்.